ஸ்கைலாப் விழுந்த அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது?

1979 ஜூலையில் ஒரு ராத்திரி, ஸ்கைலாப் என்ற ஏதோ ஒன்று வானத்திலிருந்து விழப்போகிறது என்று ஊரே கோழி அடித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, விடிந்தால் இருப்போமா மாட்டோமா என்று படுத்துக் கிடந்ததாக உங்கள் தாத்தா சொல்கிறார். அது நடந்ததா, தாத்தா கதை விடுகிறாரா, அன்றைய பேப்பரில் என்னதான் போட்டிருந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், 'அந்தக் காலத்து ஜனங்கள் அவ்வளவு அப்பாவிகளா?' என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. தாத்தா சொல்வது நடந்ததுதான். அப்பாவிகள் என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கும்.

நான் அப்போது மதுரையில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன் பிறகு 30 வருடத்துக்கு மேல் செய்தி மேஜையிலேயே இருந்தேன். ஆனால் 1979 ஜூலை 11, புதன்கிழமை ராத்திரி டூட்டியைப் போல இன்னொன்று வாய்க்கவில்லை. இங்கே நான் சொல்லப்போவதில் மூன்று தினுசு இருக்கிறது. விண்கலத்தைப் பற்றிய தேதிகளும் எண்களும் பதிவில் உள்ளவை. எங்கள் அலுவலகத்திலும், மேலூர்ப் பக்கம் என் அம்மாவின் ஊரிலும் நடந்தவை நான் பார்த்தவை, அல்லது என் வீட்டார் பார்த்தவை. மூன்றாவது தினுசு வெறும் கேள்விப்பட்டது. அதைக் கேள்விப்பட்டது என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் விழுந்த பொருளைப் பற்றி. ஸ்கைலாப் அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம். 1973 மே 14 அன்று ஏவினார்கள். சுமார் 77 டன் எடை. ஏவும்போதே வெயில் தடுப்புக் கவசம் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சூரிய மின்தகட்டுச் சிறகு ஒன்றும் அதோடு போனது. முதலில் போன மூன்று பேர் குடை மாதிரி ஒன்றை விரித்துக் கட்டி, உள்ளே சூட்டைத் தணித்த பிறகுதான் அதில் குடியிருக்க முடிந்தது. 28 நாள், 59 நாள், 84 நாள் என்று மூன்று குழுக்கள் தங்கிவிட்டு, 1974 பிப்ரவரியில் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். 1983 வரை அது மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதற்குள் ஸ்பேஸ் ஷட்டில் தயாராகிவிடும், அது போய் இன்னும் உயரத்துக்குத் தள்ளிவிட்டு வரும் என்பது நாசாவின் கணக்கு. ஷட்டில் முதன்முதலாகப் பறந்ததே 1981 ஏப்ரலில்தான். இடையில் சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகிவிட்டது. அப்படி ஆகும்போது பூமியின் மேல் காற்று மண்டலம் சூடேறி உப்பும். உப்பிய காற்று நிலையத்தை உரச, அதன் வேகம் குறைந்து, சுற்றுக்குச் சுற்று கீழே இறங்கத் தொடங்கியது. ஆளில்லாத வீடு பராமரிப்பில்லாமல் சரிவது மாதிரிதான். இந்த வீடு மட்டும் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. விழும் நேரத்தை அரை மணி தப்பாகச் சொன்னால், விழும் இடம் 14,000 கிலோமீட்டர் தள்ளிப்போகும். மதுரை என்று நினைத்தது வேறு கண்டமாகிவிடும். அதனால்தான் கடைசி நாள் வரைக்கும் நாசாவாலேயே இன்ன இடம் என்று சொல்ல முடியவில்லை. அது சுற்றிய பாதையோ வடக்கே 50 டிகிரிக்கும் தெற்கே 50 டிகிரிக்கும் இடைப்பட்ட பூமி முழுவதையும் தொட்டது. இந்தியா முழுக்க அதற்குள் அடக்கம். உலக ஜனத்தொகையில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. 'எங்கே விழும்?' என்று கேட்டால் 'தெரியாது', 'எங்கள் ஊரில் விழுமா?' என்று கேட்டால் 'விழாது என்று சொல்ல முடியாது'. உலகத்தின் மிகப் பெரிய விஞ்ஞான நிறுவனங்களில் ஒன்று சொன்ன பதிலே இவ்வளவுதான். கிராமத்து மனிதர் அதற்குப் பயந்தால் அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருந்தது. அதற்கு முந்தைய வருடம், 1978 ஜனவரியில், ரஷ்யாவின் காஸ்மாஸ் 954 என்ற செயற்கைக்கோள் கனடாவில் விழுந்து, அதிலிருந்த அணு உலையின் கதிரியக்கத் துண்டுகள் பனிக்காட்டில் சிதறின. ஸ்கைலாபில் அணு உலை எதுவும் இல்லை. ஆனால் மேலேயிருந்து விழுகிறது என்றாலே விஷம், குண்டு என்ற எண்ணம் அந்தச் செய்தியிலிருந்து ஜனங்கள் மனதில் தங்கிவிட்டது. பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸே வானொலியில் ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அதைத் திருவிழாவாக்கிவிட்டார்கள். நெஞ்சில் குறிவட்டம் போட்ட பனியன் விற்றார்கள். ஒரு ஹோட்டல் தன் இடத்தில் பெரிய குறிவட்டம் வரைந்து, ஸ்கைலாப் விழ வேண்டிய அதிகாரபூர்வமான இடம் இதுதான் என்று அறிவித்தது. அவர்கள் பனியன் வாங்கினார்கள், நாம் கோழி வாங்கினோம். எனக்கு இரண்டும் ஒரே சங்கதியாகத்தான் தெரிகிறது.

இப்போது பேப்பரில் என்ன போட்டோம் என்ற இடத்துக்கு வருகிறேன். இதை நான் மனதில் வைத்துக்கொண்டு பல வருடம் இருந்திருக்கிறேன்.

ஸ்கைலாப் துண்டு ஒரு மனிதர் மேல் படுவதற்கான வாய்ப்பு 152-இல் 1 என்று நாசா கணக்குப் போட்டிருந்தது. அந்தச் செய்தி டெலிபிரிண்டரில், அதாவது வெளியூர்ச் செய்தியைத் தானே தாளில் தட்டச்சடித்துத் தரும் இயந்திரத்தில், ஆங்கிலத்தில் வந்தது. தமிழாக்கியது நான். அதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று இந்த 152. இன்னொன்று, குறிப்பிட்ட ஒரு ஆள் மேல், அதாவது உங்கள் மேலோ என் மேலோ விழுவதற்கான வாய்ப்பு: 60,000 கோடியில் 1. இரண்டையும் எழுதித்தான் கொடுத்தேன். அந்தக் காலத்தில் ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துப் பக்கம் கட்டுவார்கள். இடம் போதவில்லை என்றால் செய்தியின் வாலை வெட்டுவார்கள். முக்கியமானது தலையில் இருக்கும், வால் போனால் பரவாயில்லை என்பது பத்திரிகைத் தொழிலின் பழைய பாடம். அன்று வாலில் இருந்தது 60,000 கோடி. அது போய்விட்டது. '152-இல் 1' தலைப்பிலேயே நின்றது.

மறுநாள் அலுவலகத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையில், டீ மாஸ்டர் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு சத்தமாகக் கணக்குப் போட்டார். "நம்ம சந்துல முந்நூறு பேருக்கு மேல இருக்கோம். நூத்தம்பத்திரண்டுக்கு ஒண்ணுன்னா, ரெண்டு பேருக்கு உறுதிண்ணே. யார் அந்த ரெண்டு பேருன்னுதான் தெரியல." பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், சந்தின் கடைசி வீட்டுக்காரர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, அவர் ஒருத்தர் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டீ மாஸ்டர் வகுத்த விதத்தில் தவறே இல்லை. கையில் கிடைத்த எண்ணை வைத்து மனிதர் சரியாகத்தான் வகுத்தார். எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் நாங்கள் சொல்லாமல் விட்டோம்.

அர்த்தம் இதுதான். இதே மாதிரி ஒரு ஸ்கைலாப் 152 தடவை விழுந்தால், அதில் ஒரே ஒரு தடவை உலகத்தில் எங்கேயோ யாரோ ஒருவர் மேல் ஒரு துண்டு படலாம். அந்த யாரோ ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும் என்றால், உலகத்தில் இருக்கும் அத்தனை பேரால் மறுபடி வகுக்க வேண்டும். அன்றைக்கு ஜனத்தொகை 400 கோடிக்கு மேல். 152-ஐ 400 கோடியால் பெருக்கிப் பாருங்கள், 60,800 கோடி வரும். 60,000 கோடி என்ற எண் அப்படி வந்ததுதான். இதை நாலு வரியில், பெட்டி கட்டி, முதல் பக்கத்தில் போட்டிருந்தால் பாதி மதுரை நிம்மதியாகத் தூங்கியிருக்கும். அந்த நாலு வரிக்குத்தான் இடமில்லை என்றார்கள்.

அப்புறம், நம் பக்கத்து ஜனங்களின் நினைவில் ஏற்கெனவே என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1962 பிப்ரவரியில் அஷ்டகிரகச் சேர்க்கை, எட்டுக் கிரகமும் ஒன்றுகூடுகிறது, உலகம் அழியும் என்று ஊர் ஊராகப் பூஜை நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. இந்த அளவோடு நின்றிருந்தால், ஜனங்கள் ஸ்கைலாபையும் அதே கணக்கில் தள்ளியிருப்பார்கள். ஆனால் 1964 டிசம்பரில் புயல் வந்து, ஒரே ராத்திரியில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனது. ஊருக்குள் வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. எங்கள் பேப்பர் போகும் ராமநாதபுரம் பக்கத்தில் அதை நேரில் பார்த்தவர்கள் நடுத்தர வயதில் இருந்தார்கள். விடிவதற்குள் எல்லாம் போய்விடும் என்பது அவர்களுக்குக் கட்டுக்கதை இல்லை. ஒரு தடவை நடந்த விஷயம்.

அன்றைக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலையில் அம்மாவின் ஊரில் இருந்தேன். புதன்கிழமை, சந்தையும் இல்லை, விசேஷமும் இல்லை. ஆனால் தெருவில் ஏழெட்டு வீட்டில் கோழிக் குழம்பு வாசம். என் அத்தை, முட்டைக்கென்று வைத்திருந்த பெட்டைக் கோழியை அடித்துவிட்டார். அதை அவர் யாருக்கும் பிடி கொடுக்காமல் காத்து வந்தது தெருவுக்கே தெரியும். மாமா கேட்டதற்கு, "நாம போயிட்டா இதுக்கு யார் இரை போடுவா? பாவம்ல" என்றார். கோழிக்காக இரக்கப்பட்டு கோழியை அடித்தார். அதை அவர் முழு மனதோடு சொன்னார். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அத்தையும் இருந்தவரை சேர்ந்து சிரித்தார்.

ராத்திரி எங்கே படுப்பது என்பதில்தான் பெரிய வாக்குவாதம். ஊரில் காரை போட்ட மெத்தை வீடு இரண்டே இரண்டு. மீதி ஓடும் கூரையும். மெத்தை வீட்டில் படுத்தால் மேலே விழுந்தாலும் தாங்கும் என்று ஒரு கட்சி. அந்த மெத்தையே இடிந்து மேலே விழும், அதனால் கண்மாய்க் கரையில் வெட்டவெளியில் படுத்தால் வருவதைப் பார்த்து விலகி ஓடலாம் என்று இன்னொரு கட்சி. பௌர்ணமி போய் இரண்டே நாள், நிலா நன்றாக இருக்கும், விழுவது தெரியும் என்று அந்தக் கட்சிக்கு ஒரு கூடுதல் நியாயமும் இருந்தது. கடைசியில் பெரியவர்கள் கண்மாய்க் கரைக்குப் போனார்கள், பிள்ளைகளை மெத்தை வீட்டில் படுக்க வைத்தார்கள். குடும்பத்தைப் பிரித்துப் படுக்க வைத்தால் ஒரு பக்கமாவது மிஞ்சும் என்று கணக்கு. அம்மா பின்னால் சொன்னார், அன்று கரையில் யாரும் தூங்கவே இல்லை, விடிய விடியப் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள், பல வருடம் பேசாமல் இருந்த பங்காளிகள் இரண்டு பேர் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள் என்று.

நிலத்தைப் பாதி விலைக்கு விற்றுத் தின்று தீர்த்தவர்கள், பெண்ணுக்கு அவசரமாகத் தாலி கட்டி வைத்தவர்கள், கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு மறுநாள் முழித்தவர்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. இவற்றை நான் மூன்றாவது தினுசில்தான் வைப்பேன். யாரிடம் கேட்டாலும் அது 'பக்கத்து ஊரில்' நடந்திருக்கும். பக்கத்து ஊருக்குப் போனால் அதற்கும் பக்கத்து ஊரைக் காட்டுவார்கள். அந்த வாரம் நிருபர்கள் கொண்டுவந்த கதைகளில் ஆளும் ஊரும் கையில் பிடிபட்டது ஒன்றுகூட இல்லை. என் அனுபவத்தில், கோழி அடித்தது, வெளியில் படுத்தது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வராமல் வகுப்பு காலியாக இருந்தது, இவை உறுதி. நான் அறிந்தது ஒரு மாவட்டத்தின் ஒரு மூலை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலை ஐந்து மணிக்கு டூட்டிக்கு வந்தேன். அன்றைய பெரிய செய்தி நியாயமாக ஸ்கைலாபாக இருந்திருக்கக் கூடாது. டெல்லியில் அன்றுதான் எதிர்க்கட்சித் தலைவர் ஒய்.பி. சவாண், மொரார்ஜி தேசாய் அரசின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். ஜனதா கட்சியிலிருந்து எம்.பி.க்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் கழித்து, ஜூலை 15 அன்று மொரார்ஜி ராஜினாமா செய்துவிட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் காங்கிரஸ் அல்லாத மத்திய அரசு கவிழ்ந்த வாரம் அது. ஆனால் அலுவலகத்துக்கு வந்த போன்களில் ஒன்றுகூட மொரார்ஜியைப் பற்றி இல்லை. எடுத்தால், "சார், விழுந்துருச்சா?" வைத்தால், அடுத்தது. ஒருவர், வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், கிடா எல்லாம் பேசியாகிவிட்டது, நடத்தலாமா என்று கேட்டார். எங்கள் தலைமை உதவி ஆசிரியர் என் கையிலிருந்து போனை வாங்கி, "தாராளமா நடத்துங்க, எனக்கும் ஒரு பத்திரிகை அனுப்புங்க" என்றார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டதாகச் சொன்னார். சில நாள் கழித்து, மஞ்சள் தடவிய பத்திரிகை உண்மையாகவே தபாலில் வந்தது. விசேஷம் முடிந்திருந்தது.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள, ஒரு பேப்பர் எப்படிப் போகும் என்று தெரிய வேண்டும். தூரத்து ஊர்களுக்கு முதலில் ஒரு பதிப்பு அச்சாகும். டாக் எடிஷன் என்போம். ராமநாதபுரம், பரமக்குடி, கம்பம், போடி எல்லாம் அதில் அடக்கம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்தை மூடி, ஒன்பதரைக்கு வண்டி ஏற்றினால்தான் விடியற்காலை அந்த ஊர்களுக்குப் போய்ச் சேரும். நகரத்துக்கான பதிப்பு நடுராத்திரிக்கு மேல். அன்று ஒன்பது மணிக்கு எங்கள் கையில் இருந்த செய்தி, ஸ்கைலாப் இன்று விழும் என்பதுதான். அதைத் தலைப்பாக வைத்துப் பக்கத்தை மூடினோம். 'ஸ்கைலாப் இன்று விழுகிறது' என்று பக்கத்தின் முழு அகலத்துக்கும் எட்டுக் காலத் தலைப்பு. வண்டி கிளம்பியது.

இந்திய நேரப்படி ராத்திரி 10 மணி 7 நிமிடத்துக்கு அது விழுந்துவிட்டது.

செய்தி எங்களிடம் வந்தபோது பதினொன்று தாண்டியிருக்கும். முக்கியமான செய்தி வந்தால் டெலிபிரிண்டரில் மணி அடிக்கும். அன்று மணி விடாமல் அடித்தது. அச்சுக்கோக்கும் பகுதியிலிருந்து ஆட்கள் கையில் மையோடு ஓடி வந்துவிட்டார்கள். தாளைக் கிழித்து நான்தான் படித்தேன். துண்டுகள் இந்தியப் பெருங்கடலில் விழுந்ததாக இருந்தது. 'இந்திய' என்று வாயெடுத்ததுமே ஒருவர், "ஐயையோ, இந்தியாவுலயா?" என்று கத்திவிட்டார். தலைமை உதவி ஆசிரியர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நான் 'இந்தியப் பெருங்கடலில் விழுந்தது' என்று எழுதிக் கொடுத்த தலைப்பில், முதல் வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்தார். 'ஸ்கைலாப் கடலில் விழுந்தது. ஆபத்து இல்லை' என்று ஆயிற்று. எந்தக் கடல் என்று உள்ளே படிக்கட்டும், தலைப்பைப் பார்த்ததும் தூக்கம் வர வேண்டும் என்றார். 30 வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த திருத்தம் அதுதான்.

பெரிய தலைப்புக்கு மர எழுத்துதான் பயன்படுத்துவோம். அதற்கு முந்தைய வருடம்தான் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டிருந்தது. சின்ன எழுத்துக்கள் மாறத் தொடங்கிவிட்டன, பெரிய மர எழுத்துக்கள் மாறவில்லை. அதனால் 'ஆபத்து இல்லை' என்பதில் இருந்த 'லை', யானை துதிக்கையைத் தூக்கி நிற்பது போன்ற பழைய எழுத்தாகவே விழுந்தது. போர்மேன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளையாரே வந்து இல்லைன்னு சொல்லிட்டாருடா" என்றார். அந்தப் பிரதி ஒன்றை வெகுநாள் வைத்திருந்தேன். கறையான் எடுத்துக்கொண்டது.

உண்மையில் மேலே என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெளிவாகத் தெரிந்தது. கடைசிச் சுற்றுப் பாதை வட அமெரிக்காவைக் கடந்து, அட்லாண்டிக் மேலாக ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. இந்தியாவின் மேல் அது வரவே இல்லை. ஆள் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போகட்டும் என்று, நாசா அன்றே நிலையத்தைக் கரணமடிக்க வைத்திருந்தது. கேப் டவுனுக்குத் தெற்கே கடலில் விழ வேண்டும் என்பது எண்ணம். ஆனால் நினைத்ததைவிட அது உறுதியாக இருந்தது, சீக்கிரம் உடையவில்லை. அதனால் துண்டுகள் நீண்ட தூரம் போய், கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் என்ற ஊரைச் சுற்றியும் அதற்கு உள்ளே தள்ளியும் விழுந்தன. ஒருவருக்கும் காயமில்லை. அமெரிக்க அதிபர் கார்ட்டர் ஆஸ்திரேலியப் பிரதமருக்கு வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார்.

எஸ்பெரன்ஸ்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவின் ஒரு நாளிதழ், விழுந்த 72 மணி நேரத்துக்குள் முதல் துண்டைத் தன் அலுவலகத்தில் கொண்டுவந்து தருபவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்திருந்தது. அமெரிக்காவில் விழாது என்ற தைரியம். எஸ்பெரன்ஸில் 17 வயதுப் பையன் ஒருவன் வீட்டருகே கிடந்த கருகிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, விமானம் ஏறிப் போய்ப் பரிசை வாங்கிவிட்டான். ஊராட்சியோ, பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. 2009-இல் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தன் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டினார். அந்த ஜூலை 20 அன்று பெர்த் நகரில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியில் ஸ்கைலாப் துண்டு ஒன்றை மேடையில் காட்சிக்கு வைத்தார்கள். நாங்கள் இதையெல்லாம் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துப் போட்டோம். ஜனங்கள் ரசித்துப் படித்தார்கள். பயந்தவர்களுக்கே சிரிக்கவும் தெரிந்திருந்தது.

பேர் மட்டும் பல இடத்தில் தங்கிவிட்டது. தெலங்கானாவிலும் ஒடிசாவிலும் அந்தச் சமயத்தில் பிறந்தவர்களில் ஸ்கைலாப் என்றே பெயருள்ளவர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்தின் வடகிழக்கில் ஒருவகை மூன்று சக்கர வண்டிக்கு அந்தப் பேர். பிலிப்பைன்ஸில், இரண்டு பக்கமும் பலகை கட்டி ஆட்களை ஏற்றும் மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பேர். எங்கள் பக்கம் யாருக்கும் அப்படிப் பேர் வைத்ததாக நான் அறியவில்லை. மேலூர்ப் பக்கம் கட்டுக்கடங்காமல் துள்ளும் காளைக்கன்று ஒன்றை மட்டும் சில வருடம் அப்படிக் கூப்பிட்டார்கள்.

இனி வியாழக்கிழமை காலை. மதுரையில் 'ஆபத்து இல்லை' பேப்பர் வந்துவிட்டது, எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பரமக்குடியிலும் கம்பத்திலும் வந்து இறங்கியது முதல் பதிப்பு. பேப்பரின் தலையில் தேதி 12-7-1979. கீழே எட்டுக் காலத்தில், 'ஸ்கைலாப் இன்று விழுகிறது'. புதன்கிழமை ராத்திரி எழுதிய 'இன்று', வியாழக்கிழமை காலையில் படிக்கும்போது வியாழக்கிழமையாகிவிட்டது. காலை டெல்லிச் செய்தியில் வானொலி விழுந்துவிட்டது என்கிறது, கையில் இருக்கும் பேப்பர் விழப்போகிறது என்கிறது. வானொலிப் பெட்டி இல்லாத வீட்டில் பேப்பர் சொன்னதுதான் வேதம். இருந்த வீட்டில் குழப்பம் இன்னும் அதிகம். சனிக்கிழமை ஒரு கார்டு வந்தது. பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். எழுத்து மணி மணியாக இருந்தது. 'ஐயா, ரேடியோவில் நேற்று விழுந்துவிட்டது என்கிறார்கள். தங்கள் பேப்பரில் இன்று விழும் என்று போட்டிருக்கிறது. மொத்தம் எத்தனை ஸ்கைலாப் என்பதைத் தெரியப்படுத்தவும்.' அதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் என்ன தப்பு? தலைமை உதவி ஆசிரியர் பதில் கார்டு ஒன்றை எடுத்து, 'ஒன்றுதான். அதுவும் விழுந்துவிட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று தன் கையாலேயே எழுதினார். தபாலில் சேர்த்தது நான்.

அதனால் உங்கள் தாத்தாவிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கோழி அடித்தது புதன்கிழமையா, வியாழக்கிழமையா? புதன் என்றால் ஊரோடு சேர்ந்து அடித்திருக்கிறார். வியாழன் என்றால், அவர் வீட்டுக்கு வந்தது ஒன்பதரை மணி வண்டியில் நாங்கள் அனுப்பிய பேப்பராக இருக்க வேண்டும்.